என் பக்கத்து பிரேக்

எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, இடது சீட்டில் உட்கார்ந்து கத்துகிற என் காலடியில் ஒன்று. கிளட்ச்சும் அப்படித்தான். எந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியிலும் இந்த ஏற்பாடு இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நான் என் பக்கத்து பிரேக்கை மிதிப்பேன், வண்டி நிற்கும், எதிரே வருகிற மனிதரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.

கும்மிடிப்பூண்டியில் எனக்கு இரண்டு பெயர். கத்துகிற மாஸ்டர் என்பது ஒன்று. வண்டியில் கீறல் விழாத மாஸ்டர் என்பது இன்னொன்று. முதல் பெயரைப் பற்றி எனக்கு வெட்கமே கிடையாது. கன்டெய்னர் லாரிக்கும் ஆந்திரா பஸ்ஸுக்கும் நடுவில், நேற்றுவரை சைக்கிள்கூட ஓட்டாத ஒருவரை நம்பி உட்கார்ந்திருக்கிறவன் கத்தாமல் தாலாட்டா பாடுவான்? இரண்டாவது பெயரை மட்டும் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூல் வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் என்னுடையது ஷோரூமிலிருந்து நேராக வந்ததுபோல இருக்கும். அதற்குக் காரணம் என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் என் வலது கால் என்று கண்டுபிடித்தது என் மனைவிதான், ஆனால் அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மீஞ்சூரில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போவோம். ஒருநாள் கவரைப்பேட்டை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அந்த புட்ரெஸ்ட்ட போட்டு மெதிச்சிக்கினே வர்ற? ஆடு குறுக்கால வந்தாலும் மெதிக்கிற, ஆட்டோ வந்தாலும் மெதிக்கிற. ஓட்டுறது நானா நீயா?"

"நானு எங்கடி மெதிச்சேன்?"

"போனவாரம் ஒருபக்கம் ஒடஞ்சி தொங்கிச்சே, அது இன்னா தானா ஒடஞ்சிச்சா?"

பெண்களுக்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்போதே யோசித்திருந்தால் பின்னால் ஒரு பெண்ணின் பிழைப்போடு விளையாடியிருக்க மாட்டேன்.

அந்தப் பெண் எங்களிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. இருபத்தெட்டு வயது இருக்கும். நீல நிறக் கம்பெனிச் சட்டை, காலில் கட்டைவிரலுக்கு இரும்புக் கவசம் வைத்த கனத்த ஷூ. தொழிற்பேட்டையில் ஒரு பெரிய குடோனில் போர்க்லிப்ட் ஓட்டுகிறாள் என்று சொன்னபோது நான் இரண்டாம் தடவை கேட்டேன். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, சரக்குப் பெட்டிகளைத் தூக்கி மாடி உயரத்துக்கு அடுக்குமே, அந்த வண்டி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். இவள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போய், மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வண்டியில் ஏறியவள்.

"புதுசா ஒரு சேஃப்டி ஆபீசர் வந்துக்கிறாரு சார். கார் லைசென்ஸ் இல்லாத யாரும் அடுத்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து போர்க்லிப்ட்டத் தொடக்கூடாதாம். ஆம்பளைங்க எல்லார்கிட்டயும் லைசென்ஸ் கீது. என்கிட்ட மட்டுந்தான் இல்ல."

"எல்.எல்.ஆர். போட்டாச்சா?" என்றேன். பழகுவதற்கு முதலில் வாங்குகிற அனுமதிச் சீட்டு அது. வாங்கி முப்பது நாள் ஆனால்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும்.

"போன வாரமே போட்டேன். கணக்கு பண்ணிட்டேன் சார். டெஸ்ட்டுக்கு ஒரு தடவ போவலாம். பெயிலானா ஏழு நாள் கழிச்சி இன்னொரு தடவ. அதோட மாசம் முடிஞ்சிடும்."

"முடியாட்டி?"

"திரும்பவும் பேக்கிங்தான்." அதைச் சொல்லும்போது அவள் முகம் சுருங்கியது. "எட்டு மணி நேரம் நின்னுக்கினு டேப்பு ஒட்டணும். அதுகூட செய்யலாம் சார். ஆனா அந்த வண்டில ஏறி ஆரன் அடிச்சா, சூப்பர்வைசரு மொதக்கொண்டு ஒதுங்கி வழி விடுவாரு. அத வுட்டுட்டு எப்பிடி சார் எறங்குறது?"

இதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பிடித்தால் இன்னும் அதிகமாகத்தான் கத்துவேன், அது வேறு விஷயம்.

மறுநாள் காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. ஏற்கெனவே ஒரு வண்டி ஓட்டுகிறவள்தானே, நான்கு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐயோ, அதுதான் வினையே. போர்க்லிப்ட்டுக்குத் திரும்புவது பின்சக்கரம். காருக்கு முன்சக்கரம். அவள் மூலையை ஒட்டி, கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவாள். போர்க்லிப்ட் அப்படித்தான் திரும்பும். கார் அப்படித் திரும்பினால் பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறிவிடும். இடது கையால் மட்டும் ஸ்டியரிங்கைச் சுழற்றுவாள், வலது கை பெட்டி தூக்குகிற நெம்புகோலைத் தேடிக் காற்றில் அலையும். போதாததற்கு ஒவ்வொரு முக்கிலும் இரண்டு ஹாரன்.

"ஏம்மா, இன்னா கல்யாண ஊர்வலமா போவுது? எதுக்கு அடிக்கிற?"

"குடோன்ல முக்குக்கு முக்கு அடிக்கணும் சார், ரூல்சு."

"இது குடோன் இல்லம்மா, ரோடு!"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் அசந்துபோனேன். கார் பின்னால் போகும்போது திரும்புகிற சக்கரம் வால் பக்கம் ஆகிவிடுகிறது இல்லையா, அவளுக்கு அது தினமும் ஓட்டுகிற வண்டி. இரண்டு கம்பங்களுக்கு நடுவில், ஒரே மூச்சில், கண்ணாடியைக்கூட இரண்டாம் தடவை பார்க்காமல் கொண்டுபோய்ச் செருகினாள். நான் இத்தனை வருடமாக ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கிழிந்தவன். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து கைதட்டினேன்.

கிளட்ச்தான் அவளுக்குப் புதிது. அவளுடைய போர்க்லிப்ட் பேட்டரியில் ஓடுவது, அதில் கிளட்ச்சும் இல்லை, கியரும் இல்லை. முதல் வாரம் முழுக்க வண்டி முயல்மாதிரி துள்ளியது. அவள் ஒவ்வொரு தடவையும் குனிந்து காலைப் பார்ப்பாள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"கீழ இன்னாம்மா கோலம் போட்டு வச்சிக்குது? கால பாக்காத, ரோட்ட பாரு!"

சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்கிற பெண். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் கீழே பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் எனக்கே ஆச்சரியம். கிளம்புவது சுத்தம், கியர் மாற்றுவது சுத்தம், நிறுத்துவது அதைவிடச் சுத்தம். நான் "அந்த வேப்பமரத்தாண்ட நிறுத்து" என்றால் மரத்துக்கு நேராக, ஒரு குலுங்கல் இல்லாமல், பூப்போல நிற்கும். என் மாணவர்களிலேயே இப்படி நிறுத்தியது யாருமில்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

டெஸ்ட் நாளும் வந்தது. மைதானத்தில் வழக்கம்போலக் கூட்டம். டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டியிலேயே, என் சீட்டிலேயே உட்காருவார். கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வார், அந்தப் பக்கத்து பிரேக்கை அவர் தொடவே மாட்டார். நாங்கள் மாஸ்டர்கள் எல்லாம் வெளியே ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான்.

அவள் முதலில் ரிவர்ஸ் எடுத்தாள். பக்கத்தில் நின்ற மற்ற மாஸ்டர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். பிறகு எட்டுப் போட்டாள், கம்பம் எதிலும் படவில்லை. இனி நேராக வந்து, வெள்ளைக் கோட்டில் நிறுத்தி, இறங்கவேண்டியதுதான். வண்டி வந்தது. கோடு வந்தது. வண்டி நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், மாடு வீட்டுக்குத் திரும்புகிற வேகத்தில் கோட்டைத் தாண்டியது, முன்னால் நட்டிருந்த கம்பத்தைச் சாய்த்தது, அதற்குப் பின்னால் கிடந்த பழைய லாரி டயரில் ஏறப் பார்த்து, உதறி, ஆஃப் ஆகி நின்றது. உள்ளே அவள் ரோட்டைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் ஓடினேன். ஜன்னல் திறந்திருந்தது, பேசுவது வெளியே நன்றாகக் கேட்டது.

"ஏம்மா, பிரேக் போடலியே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை.

"ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டேன் சார்."

"எடுத்தா?"

"அதுவா நிக்கும் சார்."

"எது?"

"வண்டி சார். எப்பவும் அதுவா நிக்கும். பிரேக்கு அவசரத்துக்குத்தான?"

மைதானமே சிரித்தது. அவளுடைய போர்க்லிப்ட் அப்படித்தான். காலை எடுத்தால் பேட்டரி வண்டி தானே வேகம் குறைந்து நின்றுவிடும். சரி, காரும் அப்படி நிற்கும் என்று ஒரு மாதமாக எப்படி நம்பினாள்? இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், உங்க வண்டி அதுவா நிக்குமாமே?"

அப்போதுதான் நான் ஏன் நொண்டிக்கொண்டு ஓடிவந்தேன் என்று குனிந்து பார்த்தேன். வலது செருப்பின் வார் அறுந்து தொங்கியது. வண்டி கோட்டை நெருங்கியபோது நான் மைதானத்து ஓரத்தில் நின்று மண்ணை மிதித்திருக்கிறேன், வார் அறுகிற அளவுக்கு. ஒரு மாதமாக வேப்பமரத்தடியில் பூப்போல நிறுத்தியது யார் என்று அந்தச் செருப்பு சொல்லிவிட்டது. அவள் காலை எடுப்பாள். என் கால் தானாகப் போய் கிளட்ச்சையும் பிரேக்கையும் அமுக்கும். நான் அமுக்கும்போது அவள் பக்கத்துப் பெடல்களும் சேர்ந்து கீழே போகும். ஆனால் அதை அவள் எப்படிப் பார்ப்பாள்? கீழே பார்க்காதே என்று தினமும் உயிரை எடுத்தவன் நான்தானே.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை மாஸ்டர்கள் நிற்கிறார்கள், கீறல் விழாத மாஸ்டர் என்கிற பெயர் நிற்கிறது. என் நாக்கு புரண்டுவிட்டது.

"டென்ஷன் சார்," என்றேன். "பொண்ணு பயந்துடுச்சி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பயப்படுகிற பெண்ணா அது? இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். தொழிற்பேட்டை வளைவில் நிறுத்தினேன். இறங்கும்போது, "நான் எதோ தப்பு பண்ணிட்டேன் போல சார். எதுன்னுதான் வெளங்கல," என்றாள். பிறகு என் காலைப் பார்த்து, "செருப்பு இன்னா ஆச்சி சார்?" என்று கேட்டாள். அறுந்துபோச்சு என்றேன். அவள் ஷிப்டுக்குப் போய்விட்டாள். மதியம் சோறு எனக்கு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் ஸ்கூட்டர் கதையை ஒருதடவை கூட நினைவுபடுத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "போய் அந்த பொண்ணாண்ட சொல்லிடு," என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை வகுப்புக்கு வந்தவளை டீக்கடைக்குக் கூட்டிப்போய், ஒரு டீயைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு வார் உட்பட. அவள் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ இத்தினி நாளா நிறுத்துனது நானில்லியா?"

"இல்லம்மா."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

"நேத்து அவரு கேட்டாரே சார், அத்தினி பேரு எதுர்ல. அப்ப சொல்லியிருக்கலாமில்ல? பயந்துட்டேன்னு சொன்னீங்களே. மூணு வருசமா ஒரு டன்னு சரக்கத் தூக்கிக்கினு போறவ நானு. நானா பயந்தேன்?"

எனக்குத் தலை நிமிரவில்லை. ஊரையே பார்த்துக் கத்துகிறவன், அன்றைக்கு ஒரு பெண் கத்தியதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர்கூட பாய்லரைத் துடைக்கிறமாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டார். அவள் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

"சரி. இன்னும் ஆறு நாள் கீது. நானு சொல்றத கேப்பீங்களா?"

"சொல்லும்மா."

"கால தூக்கி மேல வச்சிக்கிங்க."

"இன்னாது?"

"சீட்டு மேல சம்மணம் போட்டு ஒக்காருங்க சார். உங்க காலு கீழ இருந்தா அது சும்மா இருக்காது."

தொழிற்பேட்டைக்குள் ஒரு காலி மனை உண்டு. ஏதோ கம்பெனி வரப்போகிறது என்று சமன்படுத்தி, வராமலே போன இடம். சுற்றிலும் சீமைக்கருவேலம், உள்ளே ஈ காக்கை கிடையாது. அங்கே என்றால் சரி என்றேன், ரோட்டில் ஏறினால் கால் கீழே வந்துவிடும் என்றும் சொன்னேன். அதற்கு ஒப்புக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டேன். ஐம்பத்தாறு வயது முட்டிக்கு அது சாதாரணமில்லை. டேஷ்போர்டில் முட்டி இடிக்க, கை ஹேண்ட்பிரேக் மேல் இருக்க, கோயிலில் பிரசாதத்துக்கு உட்கார்ந்தவன்மாதிரி உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. மனையின் கோடியில் எல்லைக்கல் ஒன்று நட்டிருந்தது. அதற்கு நேராகப் போய்க்கொண்டிருந்தோம். "நிறுத்து" என்றேன். அவள் காலை எடுத்தாள், காத்திருந்தாள். மூன்று வருடப் பழக்கம், ஒரு மாதத்து நம்பிக்கை, இரண்டும் சேர்ந்து அவள் காலைக் கட்டிவைத்திருந்தன. "பிரேக்கு, பிரேக்கு, பிரேக்கும்மா!" என்று அலறியபடி நான் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குள் டொக்கென்று ஒரு சத்தம். பம்பரில் கை அகலத்துக்கு ஒரு பள்ளம், நீளமாக ஒரு கீறல்.

இறங்கிப் பார்த்தேன். என் வாழ்நாள் பெருமை அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு நான் கத்திய கத்தலில் கருவேலத்திலிருந்த கொக்கு எல்லாம் எழுந்து பறந்தன. கண்ணு இன்னா பின்னாலயா கீது, இன்னா நெனப்புல ஓட்டுற, என் வண்டி இன்னா உனக்கு வெளையாடுற பொம்மையா. எல்லாவற்றையும் அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கத்துங்க சார், எவ்ளோ வேணாலும் கத்துங்க. கால மட்டும் எறக்காதீங்க."

மறுபடி ஏறி உட்கார்ந்தோம். இரண்டாம் தடவை கல்லுக்கு ஒரு முழம் முன்னால் அவள் கால் பிரேக்கில் விழுந்தது. வண்டி குதித்து நின்றது, என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. பூப்போல எல்லாம் இல்லை, கோணி மூட்டையைப் போட்டமாதிரி நின்றது. ஆனால் அவள் நிறுத்தியது. அவள் கையை ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்த சிரிப்பைப் பார்த்து, நெற்றியைத் தடவிக்கொண்டே நானும் சிரித்தேன்.

அந்த ஆறு நாளும் மழையா வெயிலா என்று பார்க்கவில்லை. இரண்டு மணி ஷிப்ட் என்றால் காலையில் வருவாள், காலை ஷிப்ட் என்றால் மூன்றரைக்கு முகம்கூடக் கழுவாமல் வருவாள். தைத்து வாங்கிய என் வலது செருப்பை மண்ணில் வைக்கச் சொல்லி, அதுதான் வெள்ளைக் கோடு என்பாள். முதல் நாள் செருப்பின் மேல் ஏறினாள். மூன்றாம் நாள் செருப்பைத் தொட்டு நின்றாள். ஐந்தாம் நாள் செருப்புக்கு நேராக நின்றுவிட்டு, இறங்கிப்போய் எடுத்து, தூசி தட்டி என்னிடம் கொடுத்தாள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "அட, வைம்மா கீழ," என்று அதட்டினேன். என் கால் அந்த ஆறு நாளில் எத்தனை தடவை துடித்தது என்று எனக்குத்தான் தெரியும். தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓட்டுவதைவிட ஓட்டாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது டெஸ்ட். மாதம் முடிய இரண்டே நாள். அதே மைதானம், அதே இன்ஸ்பெக்டர், அதே மாஸ்டர்கள். எங்கள் முறை வந்ததும் அவர் பம்பரைப் பார்த்தார். மற்ற மாஸ்டர்களும் பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் அது பண்டிகை.

"இன்னா மாஸ்டர், உங்க வண்டில கீறலா?"

நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு ஆரம்பித்தேன். "சார், போன வாரம் நானு பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு பயப்படல. ஒரு மாசமா என் காலுதான் பிரேக் போட்டுக்கினு இருந்துச்சி. வண்டி அதுவா நிக்குதுன்னு அது நம்பிடுச்சி. தப்பு என்னுது."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ இத்தினி வருசமா இவங்க எல்லாருக்கும் நீங்கதான் ஓட்டிக்கினு இருந்தீங்களா?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஒரு மாஸ்டர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். என் முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் பாரம் ஒன்று இறங்கியமாதிரி இருந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்து, தலையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, வண்டியில் ஏறினாள்.

இந்தத் தடவை மைதானத்து ஓரத்தில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "இன்னா மாஸ்டர், தியானமா?" என்று யாரோ கேட்டார்கள்.

ரிவர்ஸ் போனாள், அதைப் பார்க்கவே வேண்டாம். எட்டுப் போட்டாள். பிறகு நேராக வெள்ளைக் கோட்டைப் பார்த்து வந்தாள். என் கால் உதறியது, இரண்டு கையாலும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். கோடு நெருங்கியது. ஐயோ, காலை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறாளோ? கண்ணை மூடிக்கொண்டேன். டயர் மண்ணில் லேசாகச் சரசரக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் முன்சக்கரம் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. நான் பெஞ்சில்தான் இருந்தேன், என் கால் மடிந்துதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, எல்லாரும் கேட்கும்படி அவளிடம் கேட்டார். "இன்னாம்மா, இன்னிக்கும் வண்டி அதுவா நின்னுச்சா?"

"இல்ல சார்," என்றாள் அவள். "நானு நிறுத்துனேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பேருக்கு நடுவில் அழுதால் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று குனிந்து செருப்பைத் தேடினேன்.

ஒன்றாம் தேதி காலை அவள் போர்க்லிப்ட்டில்தான் இருந்தாள். பேக்கிங்குக்கு வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளட்டும். அடுத்த வாரம் அந்தப் பக்கமாக வகுப்பு எடுத்துக்கொண்டு போனபோது குடோன் கேட்டுக்கு உள்ளே பார்த்தேன். தலை உயரத்துக்கு அடுக்கிய சரக்கைத் தூக்கிக்கொண்டு, முன்னால் ஒன்றும் தெரியாததால், ரிவர்ஸிலேயே போய்க்கொண்டிருந்தாள். முக்கு வந்ததும் இரண்டு ஹாரன். டை கட்டிய ஒருவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

பம்பரை நான் இன்னும் சரிசெய்யவில்லை. மனைவி கேட்டதற்கு, நேரமில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவள் ஸ்கூட்டரில் நான் ஏறினால், "கால எங்க வச்சிக்கிற?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளப்புகிறாள்.

போன மாதம் அதே குடோனின் பேக்கிங்கிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். போர்க்லிப்ட் ஓட்ட வேண்டுமாம், அதற்கு முதலில் கார் லைசென்ஸ் வேண்டுமாம். இருபது வயதுகூட நிரம்பியிருக்காது, குரல் எழும்பவில்லை. ரோட்டில் கொஞ்சம் பழக்கிவிட்டு, பிறகு காலி மனைக்குக் கூட்டிப்போனேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருகாமல், என்னைப் பார்க்கவும் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, ஸ்டார்ட் பண்ணு."

"சார், ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"திட்டுவேன். சொல்லு."

"இந்த மனைக்கு வந்தா மொதல்ல கால மடிச்சி மேல வச்சிக்க சொல்லுன்னு அக்கா சொல்லி அனுப்பிச்சாங்க. வச்சாதான் சாவிய தொடணுமாம்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்தேன். அவள் சாவியைத் திருகினாள்.